கலிலியோ தொலைவு மட்டும் 150 மீட்டர் விலகுகிறது, ரிசீவரோ எல்லாம் சரி என்கிறது: மெய்யான முகட்டை எப்படி உறுதிசெய்வது?

உப்பனாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள். புதுச்சேரியில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். செயற்கைக்கோள் வழிகாட்டிச் சிக்னல்களை முழுக்க மென்பொருளிலேயே கண்டுபிடித்துப் பின்தொடரும் ரிசீவர் ஒன்றை எழுதிவருகிறேன். இரவில் மீன்பிடித்துவிட்டுத் திரும்பும் படகு முகத்துவாரத்தில் நுழையும்போது, மணல்திட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நம்பத்தகுந்தபடி சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். அந்த வேலைக்கு 150 மீட்டர் பிழையை ஏற்கவே முடியாது.

ஆன்டெனா எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது. ஆற்று நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8 மீட்டர் உயரம். கிழக்கே கடல்வரை தடையில்லாத வானம். 1575.42 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்து, நொடிக்கு 80 லட்சம் மாதிரிகள் வீதம் பதிவுசெய்கிறேன். ஜிபிஎஸ்ஸின் சி/ஏ என்ற பொதுக் குறியீட்டுக்காக எழுதிய பகுதி எந்தத் தொல்லையும் தரவில்லை. அதே கட்டமைப்பில் ஐரோப்பிய வழிகாட்டி அமைப்பான கலிலியோவின் இ1 சிக்னலைச் சேர்த்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

ஏதேனும் ஒரு கலிலியோ செயற்கைக்கோளின் தொலைவு மட்டும் திடீரென 150 மீட்டருக்குச் சற்று மேலாக விலகிவிடுகிறது. சில நேரம் கூடுதலாக, சில நேரம் குறைவாக. விலகிய இடத்திலேயே அசையாமல் நிற்கிறது. நான் சேனலை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்வரை தானாகத் திரும்புவதில்லை. சிக்னல் வலிமை 44 டெசிபல்-ஹெர்ட்ஸில் இருந்தது 37, 38க்கு இறங்குகிறது. ஆனால் ஃபேஸ் லூப் (கேரியர் அலையைப் பின்தொடரும் பகுதி) பூட்டியிருப்பதாகவே காட்டுகிறது. வழிகாட்டிச் செய்தியும் ஒழுங்காக வருகிறது, சிஆர்சி பிழைச் சோதனையிலும் தேறுகிறது. ரிசீவரின் கண்ணுக்கு எல்லாம் நலம். தொலைவு மட்டும் பொய்.

இது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே நடக்கிறது. பங்குனி மாதப் பதிவுகளில் இரவு 8 மணி முதல் 11 மணிக்குள் மிக அதிகம். பகலில் அநேகமாக இல்லை.

அமைப்பு விவரம்: முதல் தேடல் எஃப்எஃப்டி (விரைவு ஃபூரியர் உருமாற்றம்) மூலம், குறியீட்டின் 4092 சிப் முழுவதும் (சிப் என்பது குறியீட்டின் ஒரு துண்டு). சேனல் பூட்டை இழந்தால், கடைசி இடத்தைச் சுற்றி இரு பக்கமும் 2 சிப் வரை, அரை சிப் படிகளில் விரைவான மறுதேடல். வரும் சிக்னலை ரிசீவர் உருவாக்கும் பிரதியோடு ஒப்பிடும் முந்து–பிந்து கோரிலேட்டர்களின் இடைவெளி 0.1 சிப். பிரதி பிஓசி(1,1), அதாவது ஒவ்வொரு சிப்பும் ஒரு சதுர அலையால் பெருக்கப்பட்ட வகை.

சமன்பாட்டின் மிச்சப் பிழையைப் பார்த்து அந்தக் கோளை விலக்கிவிட்டால் போதும் என்பது எனக்குக் கிடைத்த அறிவுரை. அதில் மனம் ஒப்பவில்லை. பிழை எங்கே பிறக்கிறதோ அங்கேயே அடைக்க விரும்புகிறேன். எங்கே தொடங்க வேண்டும்?

தேவனாம்பட்டினம்

அக்கா, நான் மின்னணுவியல் படித்தவன் அல்லன். ஆனால் எங்கள் ஃபைபர் படகில் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறோம். முகத்துவாரத்தில் மணல் மேடு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும். இருட்டில் அலை உடைவது கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் கேட்க வேண்டும். அங்கே 150 மீட்டர் என்பது வாய்க்காலுக்கும் கல் கொட்டிய கரைக்கும் உள்ள வித்தியாசம். அதனால் இதை விடாதீர்கள்.

எனக்குத் தோன்றுவது: கடல் பரப்பில் பட்டுத் திரும்பும் சிக்னலாக இருக்குமோ? மாலையில் காற்று அடங்கியதும் நீர் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறதே.

பழைய துறைமுகம்

அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடையின் முக்கால் பங்கு இருக்கிறது. பொறுமையாகப் பதிவுசெய்திருக்கிறீர்கள். நான் கப்பல் வானொலி, திசைகாட்டிக் கருவிகளோடு காலத்தைக் கழித்துவிட்டு இப்போது புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் ஓய்வில் இருப்பவன். இந்த வகைப் பிழை என் தொழிலின் பழைய எதிரி. லோரான்-சி என்ற தரைநிலைய வானொலி வழிகாட்டியின் நாட்களில் 100 கிலோஹெர்ட்ஸ் துடிப்பின் மூன்றாவது சுழற்சியைப் பிடிக்க வேண்டும். கருவி அடுத்த சுழற்சியைப் பிடித்துவிட்டால் 10 மைக்ரோநொடி, அதாவது 3 கிலோமீட்டர் தூரத்துக்குரிய பிழை. அப்போதும் கருவி பூட்டிவிட்டதாகவே விளக்கெரியும். ஆகவே உங்கள் மனம் ஒப்பாதது சரியே.

முதலில் தம்பி சொன்ன கடல் பிரதிபலிப்பைப் பார்த்துவிடுவோம். நியாயமான ஐயம். நீர்ப்பரப்பில் பட்டு வரும் அலை கூடுதலாகக் கடக்கும் தூரம், ஆன்டெனா உயரத்தின் இருமடங்கைக் கோளின் ஏற்றக் கோணத்தின் சைனால் பெருக்கியது. 8 மீட்டர் உயரத்தில் அது எந்தக் கோணத்திலும் 16 மீட்டரைத் தாண்டாது. 150 மீட்டர் அதிலிருந்து வர வழியில்லை. அதோடு பிரதிபலித்த அலை எப்போதும் தாமதமாகத்தான் வரும். உங்களுக்கோ தொலைவு குறைவாகவும் வருகிறது.

இனி உண்மைக் காரணம். சி/ஏ குறியீட்டின் ஆற்றல் 1575.42இன் நடுவில் குவிந்திருக்கிறது. அதே மையத்தில் கலிலியோவும் வர வேண்டியிருந்ததால், நடுவை ஒதுக்கிவிட்டு இரு பக்கமும் ஆற்றலைப் பிரித்து வைக்கும் பண்பேற்றம் தேவைப்பட்டது. 2004இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாட்டில் பிஓசி(1,1) பொது அடிப்படையாக ஏற்கப்பட்டது. பின்னர் சிறிதளவு பிஓசி(6,1) அதில் கலக்கப்பட்டது. கலிலியோ இ1இல் அந்த வேகமான பகுதிக்கு 11இல் ஒரு பங்கு ஆற்றல். நீங்கள் பிஓசி(1,1) பிரதியை மட்டும் வைத்திருப்பதால் இழப்பது 0.4 டெசிபல்தான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒவ்வொரு சிப்பையும் ஒரு சதுர அலையால் பெருக்குவதால் கோரிலேஷனின் (பிரதியோடு ஒத்துப்போகும் அளவின்) வடிவம் மாறிவிடுகிறது. சி/ஏயில் ஒரே முக்கோணம். இரு பக்கமும் ஒரு சிப் வரை சரியும். பிஓசி(1,1)இல் நடு முகடு மூன்று மடங்கு செங்குத்து: தாமதம் டி சிப் என்றால் உயரம் 1−3டி. மூன்றில் ஒரு சிப்பில் சுழியைக் கடந்து, அரை சிப்பில் −0.5க்கு இறங்கி, அங்கிருந்து மெதுவாக ஏறி, ஒரு சிப்பில் மறுபடி சுழியாகும். உங்கள் டிஸ்கிரிமினேட்டர் (முந்து, பிந்து வேறுபாட்டை அளக்கும் பகுதி) ஆற்றலைத்தான் பார்க்கிறது, அதற்கு −0.5உம் ஒரு முகடுதான். நடு முகட்டின் கூர்மைக்காகத்தான் இந்தச் சிக்னலை விரும்புகிறோம். அதற்கான விலை இந்தப் பக்க முகடுகள்.

இப்போது உங்கள் எண்ணைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு சிப் 293 மீட்டர். அரை சிப் 146.5 மீட்டர். ஆனால் நீங்கள் 150க்கு மேல் என்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பக்க முகட்டின் இரு சரிவுகளும் சமமில்லை: உட்பக்கம் 3, வெளிப்பக்கம் 1. முந்து, பிந்து இரண்டும் சமமாகும் புள்ளி உச்சியில் இல்லாமல், இடைவெளியில் கால் பங்கு வெளியே தள்ளி நிற்கும். இடைவெளி 0.1 சிப் என்றால் பொய்ப்பூட்டு 0.525 சிப்பில். அதாவது 154 மீட்டர். அங்கே நடுக் கோரிலேட்டரின் உயரம் 0.475, டெசிபலில் ஆறரை குறைவு. 44 இருந்தது 37.5 ஆகும். நீங்கள் எழுதியிருப்பது அதையேதான். இடைவெளியை 0.2 ஆக்கி அதே பதிவை ஓட்டிப் பாருங்கள். பிழை 161 மீட்டருக்கு நகர்ந்தால் வேறு சாட்சி வேண்டாம். வடிகட்டி முனைகளை மழுக்குவதால் ஓரிரு மீட்டர் முன்பின் இருக்கும்.

செய்தி ஒழுங்காக வருவதும் சிஆர்சி தேறுவதும் இதற்கு முரண் அல்ல. பக்க முகட்டில் குறி தலைகீழ். ஆனால் ஃபேஸ் லூப் அரைச் சுற்று திரும்பி நின்று அதை விழுங்கிவிடும். பிட்கள் தலைகீழாக வந்தாலும் செய்தியின் ஒத்திசைவு வரிசையை வைத்து உங்கள் நிரல் நேராக்கிவிடும். ஆகவே அந்தச் சோதனைகள் எதுவும் முகடு எது என்று சொல்லாது.

எப்படி அங்கே போய் விழுகிறது? இங்கேதான் உங்கள் மறுதேடலைப் பார்க்க வேண்டும். அரை சிப் படி சி/ஏக்கு நல்லது: மிக மோசமான நிலையில்கூட ஏதோ ஒரு கட்டம் முகட்டிலிருந்து கால் சிப் தொலைவில், 0.75 உயரத்தில் இருக்கும். அதே படியைப் பிஓசி(1,1)இல் வையுங்கள். முகட்டிலிருந்து கால் சிப் தள்ளிய இரு கட்டங்களிலும் உயரம் 0.25. முக்கால் சிப் தள்ளிய இரு கட்டங்களிலும் உயரம் 0.25. நான்கும் சமம்! எது பெரியது என்பதை இரைச்சல்தான் தீர்மானிக்கிறது. கால் சிப்பில் விழுந்தால் லூப் மெய்யான முகட்டுக்கு இழுத்துக்கொள்ளும். முக்கால் சிப்பில் விழுந்தால் பக்க முகட்டில் போய் உட்காரும். பாதிக்குப் பாதி. முதல் தேடல் ஏன் தவறுவதில்லை என்றால், நொடிக்கு 80 லட்சம் மாதிரி என்பது 0.128 சிப் படி. மெய்யான முகட்டின் அருகே 0.8 உயரத்துக்குக் குறையாத ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும்.

இரவு 8 முதல் 11 வரை என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. நாம் அதற்கு வெகு அருகில் இருக்கிறோம். சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் பிளாஸ்மாக் குமிழ்கள் எழும்பும். பகலும் இரவும் சமமாகும் பங்குனி, புரட்டாசிக் காலங்களில் மிகுதி. அவற்றின் வழியே வரும் சிக்னல் நொடிக்கு நொடி மங்கி எழும். சேனல் பூட்டை இழக்கிறது, மறுதேடல் ஓடுகிறது, நாணயம் சுண்டப்படுகிறது. பகலில் பூட்டு விடுவதில்லை, மறுதேடலே ஓடுவதில்லை.

உடனே செய்ய வேண்டியவை. மறுதேடலின் படியை எட்டில் ஒரு சிப் ஆக்குங்கள். 9 கட்டங்களுக்குப் பதில் 33; உங்கள் கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல. மெய்யான முகட்டின் கட்டம் 0.81க்குக் கீழே போகாது, பக்க முகட்டின் கட்டம் 0.5ஐத் தாண்டாது. சிக்னல் மங்கிய கணத்தில் முடிவெடுக்காமல், எழுந்து நின்றபின் ஓரிரு நொடி ஆற்றலைக் கூட்டிப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, இது பலர் மறந்துவிடுவது. உங்கள் கையிலேயே இந்தக் குழப்பமே இல்லாத சிக்னல் இருக்கிறது: ஜிபிஎஸ் சி/ஏ. அவற்றால் கிடைத்த இருப்பிடத்தையும் கடிகாரத்தையும் வைத்து, இழந்த கலிலியோ கோளின் தொலைவு இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று சில மீட்டருக்குள் கணித்துவிடலாம். தேடலைக் கணிப்புக்கு இரு பக்கமும் கால் சிப்புக்குள், 73 மீட்டருக்குள், அடக்கிவிட்டால் பக்க முகடு எல்லைக்கு வெளியே போய்விடும். கணிப்பில் கலிலியோவைச் சேர்க்காதீர்கள்; பொய்யை வைத்துப் பொய்யைச் சரிபார்ப்பதாகிவிடும்.

மிச்சப் பிழையைப் பார்த்து விலக்குவது ஏன் போதாது? கலிலியோவுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் உள்ள நேர வேறுபாட்டை நீங்கள் ஓர் அறியாக் கணியமாக வைத்திருந்தால், தெரியும் கலிலியோ கோள் ஒன்றே ஒன்று என்றால் 154 மீட்டர் முழுவதும் அந்த வேறுபாட்டில் போய் ஒளிந்துகொள்ளும். மிச்சப் பிழை சுழி! இரண்டு கோள் என்றால் பாதி ஒளியும், மீதி நல்ல கோளின் மேல் பழியாக விழும். குமிழ்கள் எழும்பும் இரவில்தான் கோள்கள் குறையும். சோதனை தேவைப்படும் நேரத்தில் சோதனை பலமிழக்கும் முறையை ஒரு படகுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

காலாப்பட்டுக் காற்று

அரை சிப் படியின் நான்கு சமக் கட்டங்களை நான் எங்கும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. நன்றி ஐயா. நான் ஆய்வு மாணவன். பின்தொடரும் லூப் பற்றி ஒரு வழியைச் சேர்க்க விரும்புகிறேன்.

தோழி, பக்க முகட்டை அழித்தேவிடலாம். ஒலிவியே ஜூலியன் குழுவினர் முன்வைத்த ஆஸ்பெக்ட் முறை இந்த வகைச் சிக்னலுக்காகவே பிறந்தது. இரண்டு பிரதிகள் வையுங்கள்: ஒன்று துணைக் கேரியரோடு (ஐயா சொன்ன சதுர அலை), மற்றொன்று துணைக் கேரியர் இல்லாத வெறும் குறியீடு. முதல் கோரிலேஷனின் வர்க்கத்திலிருந்து இரண்டாவதன் வர்க்கத்தைக் கழியுங்கள். அரை சிப்புக்குள் முதலாவது 1−3டி, இரண்டாவது டி. கழித்தால் (1−4டி)(1−2டி). அரை சிப்பில் சரியாகச் சுழி. அரை சிப்புக்கும் ஒரு சிப்புக்கும் இடையில் இரண்டும் ஒரே அளவு, எதிரெதிர்க் குறி; வர்க்கத்தில் முழுமையாக அடிபட்டுப்போகும். பக்க முகடு இருந்த இடம் வெறும் சமதரை. நடு முகட்டின் கூர்மையோ குறைவதில்லை. தாளில் போட்டுப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது என்று தெரியும்.

தேடலில் பயன்படுத்துவதானால் கால் சிப்பில் அதுவும் சுழி என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே ஐயா சொன்ன நுண்படி இதற்கும் வேண்டும்.

மேலும், நம் நாட்டு வழிகாட்டி அமைப்பான நாவிக் பற்றி யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். எல்5, எஸ் அலைவரிசைகளில் வரும் அதன் பொதுச் சேவை பிபிஎஸ்கே(1), அதாவது சதுர அலைப் பெருக்கல் இல்லாத வகை. ஒரே முகடு, இந்தத் தொல்லை இல்லை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட என்விஎஸ்-01 முதல் எல்1 சிக்னலும் சேர்ந்திருக்கிறது. அது பிஓசி(1,1), பிஓசி(6,1) இரண்டையும் கலந்த வகை. எனவே நீங்கள் இப்போது கலிலியோவுக்காகச் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் நாளை நாவிக் எல்1க்கும் அப்படியே பயன்படும்.

உப்பனாற்றங்கரை

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

பழைய பதிவுகளை எடுத்து, விலகல் நடந்த இடங்களை மட்டும் வெட்டி மறுபடி ஓட்டினேன். இடைவெளி 0.1இல் விலகல் 154ஐச் சுற்றியே நிற்கிறது. 0.2 ஆக்கியதும் 160க்கு மேலே நகர்ந்துவிட்டது. திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு நாளாக மர்மமாக இருந்தது ஒரு கால் பங்குக் கணக்கு!

மறுதேடலை எட்டில் ஒரு சிப் ஆக்கி, ஜிபிஎஸ் கணிப்பையும் சேர்த்தேன். மறுதேடலுக்குப் பிந்தைய விலகல்கள் அந்தப் பதிவுகளில் மறைந்துவிட்டன. ஆனால் ஓர் இடத்தில் பூட்டு இழந்ததாகவே சேனல் சொல்லவில்லை, மறுதேடலும் ஓடவில்லை; நீண்ட மங்கலின்போது குறியீட்டு லூப் தானாகவே மெல்ல நகர்ந்து பக்க முகட்டில் ஏறியிருக்கிறது. ஆகவே பின்தொடர்தலிலும் காவல் வேண்டும் என்று தெரிகிறது.

படித்தவரை மூன்று வழிகள் கிடைத்தன: முகடு தாவுதல், அண்ணா சொன்ன ஆஸ்பெக்ட், இரட்டை மதிப்பீடு. எதை எடுப்பது? கடைசியாகச் சொன்னதில் இரண்டு தாமதங்களை எப்படி ஒன்றாக்குகிறார்கள் என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

பழைய துறைமுகம்

முகடு தாவுதல் 1999இல் ஃபைனும் வில்சனும் எழுதியது. நடுவிலிருந்து அரை சிப் முன்னும் பின்னும் இரண்டு கூடுதல் கோரிலேட்டர்களை வைத்து, அவற்றில் ஒன்று நடுவை விடப் பெரிதாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே இருப்பது. எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் அரை சிப் தாவுவது. பிஓசி(1,1)இல் உயரங்கள் 1க்கு 0.5 என்பதால் வேலை செய்யும். ஆனால் எண்ணிக்கை நிறையும்வரை ரிசீவர் பொய்த் தொலைவை உறுதியோடு சொல்லிக்கொண்டிருக்கும். சிக்னல் மங்க மங்க எண்ணிக்கை நிறைய நேரமாகும். தவறு நடந்தபின் திருத்தும் முறை இது. சதுர அலை இன்னும் வேகமான பிஓசி(10,5)இல் அடுத்த முகட்டின் உயரம் 0.75. நாவிக்கின் கட்டுப்படுத்தப்பட்ட சேவையில் உள்ள பிஓசி(5,2)இல் 0.8, இரண்டு முகடுகளுக்கு இடையே 29 மீட்டர்தான். அங்கெல்லாம் இரைச்சலில் எதைக் கண்டு தாவுவது?

ஆஸ்பெக்ட் அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். என் தயக்கம் இரண்டு. இரண்டு வர்க்கங்களைக் கழிக்கும்போது இரைச்சல் கழிவதில்லை, கூடுகிறது. உங்கள் சிக்கலோ மங்கலான சிக்னலில்தான். அடுத்து, அந்த முழுமையான சமதரை அகலம் வரம்பில்லாத சிக்னலுக்கும், சைன் வகைப் பிஓசி(என்,என்) குடும்பத்துக்கும் உரியது. வேறு சிக்னலுக்குப் போனால் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நான் இரட்டை மதிப்பீட்டையே சொல்வேன். சர்ரே பல்கலைக்கழகத்தின் ஹாட்கார்ட், பிளண்ட் ஆகியோர் 2007இல் வெளியிட்டது. அதன் உள்ளம் இதுதான்: குறியீட்டுத் தாமதமும் துணைக் கேரியர் தாமதமும் வானத்தில் ஒன்றுதான் என்றாலும், ரிசீவருக்குள் அவற்றை இரண்டு தனி அளவுகளாக நடத்து. குறியீட்டு லூப்பில் முந்து–பிந்துக் குறியீடுகளை நடுத் துணைக் கேரியரோடு பெருக்குகிறோம். கிடைப்பது சி/ஏ போன்ற ஒற்றை முக்கோணம். பொய் முகடே இல்லை. ஆனால் கூர்மை குறைவு. துணைக் கேரியர் லூப்பில் முந்து–பிந்துத் துணைக் கேரியர்களை நடுக் குறியீட்டோடு பெருக்குகிறோம். கூர்மை முழுதும் கிடைக்கும். ஆனால் அரை சிப்புக்கு ஒருமுறை ஒரே மாதிரி பூட்டுப் புள்ளி வரும். எந்தப் புள்ளி என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயல்வதும் இல்லை. வெர்னியர் அளவுகோலைப் போலத்தான்: முதன்மைக் கோல் எந்தக் கோடு என்று சொல்கிறது, துணைக் கோல் அதற்குள் எவ்வளவு என்று சொல்கிறது.

ஒன்றாக்குவது இப்படி. குறியீட்டுத் தாமதத்திலிருந்து துணைக் கேரியர் தாமதத்தைக் கழியுங்கள். அதை அரை சிப்பால் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுங்கள். அந்த எண்ணை அரை சிப்பால் பெருக்கித் துணைக் கேரியர் தாமதத்தோடு கூட்டுங்கள். அவ்வளவே. குறியீட்டு லூப்பின் பிழை கால் சிப்புக்குள், 73 மீட்டருக்குள், இருக்கும்வரை விடை சரி. ஃபேஸ் லூப்பின் உதவியோடு ஓடும் குறியீட்டு லூப்பில் இரைச்சல் பிழை அதற்குப் பக்கத்தில்கூட வராது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது: மங்கலில் முழு எண் ஒரு கணம் தவறினாலும், குறியீட்டு லூப் நடுவுக்குத் திரும்பியதும் விடையும் தானாகத் திரும்பும். உட்கார்ந்துகொள்ளப் பொய்யான இடமே இல்லை.

ஒரு கவனம். வடிகட்டி, ஆன்டெனா ஆகியவை குறியீட்டையும் துணைக் கேரியரையும் சற்று வேறுபட்ட அளவில் தாமதப்படுத்தும். பிஓசி(1,1)இல் 73 மீட்டர் வரம்பு என்பதால் அது பொருட்டல்ல. கலிலியோவின் அரசுச் சேவைச் சிக்னல் கொசைன் வகைப் பிஓசி(15,2.5), அங்கே அரைச் சுழற்சி 9.8 மீட்டர், வரம்பு 4.9 மீட்டர்தான். அந்த அளவில் இந்த வேறுபாடு முழு எண்ணைத் தவறாக்கிவிடலாம்.

தாமதங்களின் வேறுபாட்டை வகுத்து வந்த எண் முழு எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பதிவுசெய்துவையுங்கள். அது ஒரு நேர்மையான அளவு. அரையை, அதாவது கால் சிப்பை, நெருங்குகிறது என்றால் அந்தக் கோளை அப்போது படகுக்குக் கொடுக்காதீர்கள்.

தேவனாம்பட்டினம்

ஐயா, இதையெல்லாம் படகில் வைக்க வேண்டுமானால் விலை குறைந்த ஆர்டிஎல் எஸ்டிஆர் குச்சி (யுஎஸ்பியில் செருகும் ரிசீவர்) போதுமா? அக்காவின் பெட்டி விலை அதிகம் என்று கேள்விப்பட்டேன். குச்சியில் நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள்தான் கிடைக்கும் என்கிறார்கள்.

பழைய துறைமுகம்

தம்பி, வழக்கமான முறையில் வைத்தால் போதாது. பிஓசி(1,1)இன் இரண்டு மடல்களும் (மையத்தின் இரு பக்கமும் ஆற்றல் குவியும் பகுதிகள்) சேர்ந்து ஏறக்குறைய 4.1 மெகாஹெர்ட்ஸ் அகலம். குச்சியை 1575.42இல் வைத்தால் ஒவ்வொரு மடலின் வெளிப்புறமும் வெட்டுப்படும். அந்த அகலத்துக்குக் கோரிலேஷனைக் கணக்கிட்டால் பக்க முகடு 0.6 சிப்புக்கு அருகே நகர்ந்து, பாதிக்கும் மேலே உயர்கிறது. நாம் அஞ்சும் பொய் இன்னும் மெய்போலத் தோன்றும். ஆஸ்பெக்ட் கழித்தலும் அங்கே முழுமையாக அடிபடாது.

ஆனால் குச்சியை வைத்து வேறொன்று செய்யலாம். அதை 1576.443 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்புங்கள். மேல் மடல் மட்டும் நடுவில் வரும். அதன் அகலம் 2.046 மெகாஹெர்ட்ஸ், உங்கள் 2.4க்குள் முழுதாக அடங்கும். துணைக் கேரியரை மறந்துவிட்டு வெறும் குறியீட்டோடு கோரிலேஷன் செய்யுங்கள். ஒரே முக்கோணம், ஒரே முகடு, அரை சிப் படியும் போதும். ஏறத்தாழ நான்கு டெசிபல் இழப்பீர்கள், கூர்மையும் சி/ஏ அளவுக்கு இறங்கிவிடும். சி/ஏ சிக்னலின் பாதி இந்த அகலத்துக்கு வெளியே போய்விடுவதால் ஜிபிஎஸ்ஸுக்குத் தனிக் குச்சி வேண்டும். இரண்டுக்கும் ஒரே கடிகாரத்திலிருந்து துடிப்பைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கணிப்பு பயன்படாது.

அம்மா, உங்கள் பங்குனிப் பதிவிலிருந்தே அந்த மடலை மட்டும் மென்பொருளில் வடிகட்டி எடுத்து, குச்சி என்ன பார்த்திருக்கும் என்று ஓட்டிப் பாருங்கள். மங்கல் வந்த அந்த நீண்ட இடத்தை முதலில் எடுங்கள்.